கொட்டகையை வீடாக்கும் கணக்கு: தரையை மட்டும் அளந்தால் போதாது

பழைய பண்ணைக் கொட்டகையை வீடாக மாற்ற நினைப்பவர்கள் முதலில் செய்வது தரைப்பரப்பை அளந்து, ஊரில் ஒரு சதுர அடிக்கு என்ன விலை போகிறதோ அதால் பெருக்குவது. பட்ஜெட் முதல் நாளே தவறுவது இங்கேதான்.

உள் அளவு 15 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் உள்ள கொட்டகையை எடுத்துக்கொள்வோம். தரை 120 சதுர மீட்டர். அதே தரைப்பரப்பில், 2.7 மீட்டர் உயரத்தில் ஒரு சாதாரண வீடு கட்டினால் வெளிச்சுவர் சுமார் 124 சதுர மீட்டர், மேற்கூரை 120. மொத்தம் 244. கொட்டகைக்கு வாருங்கள். சுவர் உயரம் 4 மீட்டர், கூரைச் சரிவு 45 டிகிரி. நான்கு பக்கச் சுவர் 184, இரு முனைகளிலும் முக்கோணச் சுவர் 32, ஆக 216. கூரை ஒரு பக்கம் சரிவில் 5.66 மீட்டர், இறவாரத்தையும் சேர்த்தால் 6 மீட்டர். இரு பக்கமும் சேர்த்து 180. மொத்தம் 396. வெப்பக்காப்பு, பூச்சு, பெயின்ட், சாரம் எல்லாம் இந்த 396-க்குத்தான் வாங்க வேண்டும். உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவோ 324 கன மீட்டருக்குப் பதில் 720. சூடாக்கவோ குளிராக்கவோ ஆகும் மாதச் செலவும் அதற்கேற்ப ஏறும். தரை ஒன்றுதான், தோல் ஒன்றரை மடங்குக்கு மேல்.

ஆகவே பட்ஜெட்டின் முதல் தாளில் நான்கு அளவுகள் இருக்கட்டும்: சுவர்ப் பரப்பு, கூரைப் பரப்பு, தோண்ட வேண்டிய மண்ணின் கன அளவு, இணைப்புகளுக்கான (மின்சாரம், தண்ணீர், கழிவுநீர்) தூரம். சமையலறை அலமாரி, குளியலறை டைல்ஸ் எல்லாம் பிறகு. அவற்றை எப்போது வேண்டுமானாலும் மலிவாக்கலாம். இந்த நான்கையும் மலிவாக்க வழி கிடையாது.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

விவசாயக் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்ற அனுமதி உண்டா என்பதைத் திட்ட அலுவலகத்தில் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை உதவாது. பல இடங்களில் இருக்கும் கட்டடத்தை "மாற்ற" அனுமதி கிடைக்கும், இடித்துக் கட்ட கிடைக்காது. வேலையின் நடுவில் ஒரு சுவர் சரிந்து விழுந்தால் அனுமதியும் கூடவே போய்விடும் ஆபத்து உண்டு. சுவர் எவ்வளவு உறுதி என்பது கட்டுமானக் கேள்வி மட்டுமல்ல, சட்டக் கேள்வியும்கூட என்பதற்காகவே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வௌவால், ஆந்தை குடியிருக்கும் கொட்டகை என்றால் பல நாடுகளில் அவற்றைக் கலைப்பது குற்றம். அதற்கான ஆய்வை ஆண்டின் சில மாதங்களில் மட்டுமே செய்ய முடியும் என்பதால், பருவத்தைத் தவறவிட்டால் வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும்.

கடன் வாங்குபவர்கள் கவனிக்க: ஆள் குடியிருக்க முடியாத கட்டடத்துக்குச் சாதாரண வீட்டுக்கடன் பெரும்பாலும் கிடைக்காது. கிடைக்கும் கடனும் கட்டம் கட்டமாகத்தான் வரும், பெரும்பாலும் ஒரு கட்டம் முடிந்த பிறகு. கூரை முடிந்தால்தான் கூரைக்கான பணம் என்றால், கூரைக்கான பொருளைக் கைக்காசில் வாங்க வேண்டும். மொத்தத் தொகை போதுமா என்பதோடு, எந்த மாதத்தில் கையில் எவ்வளவு இருக்கும் என்பதற்கும் தனிக் கணக்கு போடுங்கள்.

அடுத்தது கட்டமைப்புப் பொறியாளர். அவர் வரும்முன் நீங்களே பார்க்கக்கூடியவை நிறைய உண்டு. சுவரின் உச்சியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, 2 மீட்டருக்கு ஒரு இடத்தில் சாய்வைக் குறித்துக்கொள்ளுங்கள். விரிசலில் மேல்பகுதி அகலமாகவும் கீழ்ப்பகுதி ஒடுங்கியும் இருந்தால், கூரை சுவரை வெளியே தள்ளுகிறது என்று சந்தேகிக்கலாம். அப்படித் தள்ளாமல் பிடித்து வைத்திருப்பது கூரைச் சட்டத்தின் அடியில் சுவருக்குச் சுவர் குறுக்கே போகும் கீழ் விட்டம். தலை இடிக்கிறது, பார்வையை மறைக்கிறது என்று அதை அறுத்துவிடுவதுதான் சொந்தமாக வேலை செய்பவர்கள் செய்யும் மிக விலையுயர்ந்த தவறு. சில மாதம் ஒன்றும் ஆகாது. பிறகு சுவர் மெல்ல விரியும். விட்டத்தை உயர்த்தியே ஆக வேண்டுமென்றால், பொறியாளர் கணக்குப்படி மாற்றுச் சட்டமோ இரும்புக் கம்பியோ பொருத்திய பிறகுதான் பழையதைத் தொட வேண்டும்.

மரத்தைச் சோதிக்க ஒரு ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் போதும். விட்டத்தின் நடுப்பகுதியைத் தட்டிப் பார்த்து "கணீரென்று இருக்கிறது" என்று திருப்தி அடையாதீர்கள். நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சிதைவு தொடங்குவது சுவருக்குள் புதைந்திருக்கும் முனையிலும், கைமரத்தின் அடியிலும், சுவர் மேல் படுத்திருக்கும் சட்டத்திலும்தான். ஏனென்றால் ஈரம் அங்கே தேங்கும், காற்று போகாது. சுவரை ஒட்டிய இடத்தில் ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்துங்கள். நல்ல மரத்தில் முனை பதிவதே கடினம். வெண்ணெயில் போல இறங்கினால் அந்த முனை போய்விட்டது. ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் பூஞ்சை வளர இடம் உண்டு. வண்டுத் துளை தெரிந்தால் பயந்துவிட வேண்டாம், அது நூறாண்டுக்கு முந்தையதாகக்கூட இருக்கலாம். அடியில் ஒரு கறுப்புத் தாளை விரித்து இரண்டு வாரம் விடுங்கள். புதிதாக வெளிர் மாவு விழுந்திருந்தால் வண்டு இன்னும் உயிரோடிருக்கிறது. முனை மட்டும் போயிருந்தால் முழு விட்டத்தையும் மாற்ற வேண்டியதில்லை. அழுகிய பகுதியை அறுத்து, புது மரத்தை ஒட்டுப்போட்டு போல்ட்டால் இறுக்கலாம், அல்லது இரும்புத் தகடு செருகலாம். முழு விட்டத்தை மாற்றுவதற்கும் முனையை மட்டும் சரிசெய்வதற்கும் செலவு வித்தியாசம் பெரிது. எனவே எத்தனை முனைகள் என்று எண்ணித் தாளில் எழுதுங்கள்.

கூரையில் சாம்பல் நிற நெளிதகடு இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் என்றே நினைத்துக்கொண்டு, ஆய்வகச் சோதனை முடிவு வரும்வரை கை வைக்காதீர்கள். துளையிடுவது, அறுப்பது, உடைப்பது, அதிவேகத் தண்ணீரால் கழுவுவது எதுவும் கூடாது. அகற்றுவதற்கும் கொட்டுவதற்கும் ஆகும் செலவைத் தனி வரியாக எழுதுங்கள். நீங்களே செய்து மிச்சம் பிடிக்கும் வேலைகளில் இது இல்லை.

இன்னொன்று எடை. தகரத் தகடு சதுர மீட்டருக்கு 5 முதல் 7 கிலோ. கான்கிரீட் ஓடு 45 முதல் 50 கிலோ. அழகுக்காக ஓட்டுக்கு மாறினால் நம் 180 சதுர மீட்டர் கூரையில் சுமார் 7 முதல் 8 டன் கூடுதல் சுமை ஏறுகிறது. கைமரம், சுவர், அஸ்திவாரம் மூன்றும் அதைத் தாங்குமா என்று கேட்காமல் ஓடு வாங்கக் கூடாது. இரும்புச் சட்டக் கொட்டகைகளில் இது இன்னும் முக்கியம். அந்தச் சட்டங்கள் பெரும்பாலும் லேசான கூரைக்கென்றே கணக்கிடப்பட்டவை. மாடித்தளத்தை அவற்றில் தொங்கவிடாமல், உள்ளே தனிக் கால்களில் மரச்சட்டம் நிறுத்துவதே பாதுகாப்பு.

மண்ணும் தரையும்

பழைய கொட்டகைகளுக்கு அஸ்திவாரம் ஆழமாக இருக்காது. சிலவற்றில் சுவர் மண்ணின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் விலை பேசி முடிப்பதற்கு முன், உரிமையாளர் அனுமதியோடு மூலையில் ஒன்றும் நீளச்சுவரின் நடுவில் ஒன்றுமாகச் சோதனைக் குழி தோண்டி, சுவர் எங்கே முடிகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அந்த ஓர் அளவில்தான் தரைக்கான முழுக் கணக்கும் நிற்கிறது.

குளிர்ச்சியான இடத்தில் நல்ல தரை என்றால் கீழிருந்து மேலாக: இறுக்கிய உடைகல் 150 மில்லிமீட்டர், மணல் 50, அதன்மேல் 300 மைக்ரான் தடிமனுள்ள ஈரத்தடுப்புத் தாள், கான்கிரீட் 100, வெப்பக்காப்புப் பலகை 100, மெல்லிய பாலிதீன் தாள், மேல்தளக் காரை 75, கடைசியாகத் தரை ஓடு அல்லது மரம் 20. கூட்டினால் 495. கிட்டத்தட்ட அரை மீட்டர். 120 சதுர மீட்டருக்கு 60 கன மீட்டர் மண் எடுக்க வேண்டும். வெட்டிய மண் பொதபொதவென்று கால்பங்கு அல்லது அதற்கும் மேல் பெருகும். ஆகவே லாரிக்குக் கணக்கிட வேண்டியது 60 அல்ல, 75-க்கு மேல். பலர் இந்த வித்தியாசத்தை முதல் லாரி நிரம்பியபோதுதான் உணர்கிறார்கள். கான்கிரீட் 12 கன மீட்டர், சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 13.2. இறுக்கிய உடைகல் 18 கன மீட்டர் வேண்டுமென்றால், உதிரியாக 22 முதல் 24 வரை வாங்க வேண்டும்.

சோதனைக் குழியில் சுவரின் அடி 300 மில்லிமீட்டரிலேயே முடிந்தால், 495 தோண்டுவது சுவரின் காலை வாருவதாகும். அதற்குக் கீழ்த்தாங்கு, அதாவது சுவருக்கு அடியில் மண்ணை எடுத்துப் புதிய ஆழமான அஸ்திவாரம், கட்ட வேண்டும். பொதுவாக 1 முதல் 1.2 மீட்டர் நீளத் துண்டுகளாக, பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஒரே நேரத்தில் திறக்காமல், ஒன்றுவிட்டு ஒன்றாகச் செய்யும் மெதுவான, செலவான வேலை. ஆனால் கொட்டகையில் உயரத்துக்குப் பஞ்சமில்லை. ஆகவே கீழே போவதற்குப் பதில் தரையை மேலே ஏற்ற முடியுமா என்று முதலில் பாருங்கள். தடையாக வருபவை இரண்டுதான்: வாசல்களின் லிண்டல் உயரம், கீழ் விட்டத்தின் உயரம். வாசலில் 200 மில்லிமீட்டர் விட்டுக்கொடுத்துப் படி வைத்தால் கீழ்த்தாங்கே தேவைப்படாமல் போகலாம். வரைபடம் போடுபவரிடம் இந்தக் கேள்வியை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

ஈரத்தடுப்புத் தாள் இணையும் இடத்தில் குறைந்தது 150 மில்லிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஓரத்தில் சுவரோடு மேலே மடிக்க வேண்டும். கான்கிரீட் ஊற்றும் நாளில் பூட்ஸ் காலும் இரும்புக் கம்பியும் அதைக் கிழிப்பது வழக்கம். ஊற்றுவதற்குச் சற்றுமுன் ஒருவர் முழுவதும் நடந்து பார்த்து ஒட்டுப்போட வேண்டும், வேறு வேலை அவருக்குத் தரக்கூடாது.

மேல்தளக் காரை காய்வதற்கு முதல் 50 மில்லிமீட்டருக்கு நாளைக்கு 1 மில்லிமீட்டர், அதற்கு மேல் அதில் பாதி வேகம் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. 75 மில்லிமீட்டருக்கு நல்ல காற்றோட்டத்திலும் 100 நாள். மூன்றாம் வாரமே மரத்தரை போட்டால் பலகை வளைந்து எழும்பும். காரையின்மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடி, அதற்குள் ஈரப்பதமானி வைத்து 75 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகு போடுங்கள்.

சுவரின் ஓதம்

கல்லும் பழைய செங்கல்லும் சுண்ணாம்புக் காரையில் கட்டியிருந்தால், அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன்மேல் சிமென்ட் பூச்சு பூசினால் ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு, கல்லின் முகம் தகடு தகடாக உதிரும், உள்ளே புதைந்த மர முனை அழுகும். இடுக்குகளைச் சுண்ணாம்புக் காரையாலேயே அடைக்க வேண்டும். ஒரு பங்கு நீரில் இறுகும் சுண்ணாம்புக்கு மூன்று பங்கு பெருமணல் என்பது சாதாரண விகிதம். இடுக்கின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழத்துக்குப் பழைய காரையைச் சுரண்டி எடுத்து, தூசி போகத் தண்ணீர் தெளித்துவிட்டு அடைக்க வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்கும் காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். கடும் வெயிலில் செய்தால் ஈரச்சாக்கு தொங்கவிட வேண்டும், இல்லாவிட்டால் காரை இறுகாமல் மாவாக உதிரும். கால அட்டவணையில் சிமென்டுக்கு ஒதுக்கும் நாட்களை இதற்கு ஒதுக்கினால் பற்றாது.

மாடு கட்டியிருந்த கொட்டகை என்றால் இன்னொரு தொல்லை. பல ஆண்டு மூத்திரமும் உரமும் சுவரின் அடியில் உப்பாக ஏறியிருக்கும். அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுப்பதால், கூரையும் வடிகாலும் சரிசெய்த பிறகும் அடிச்சுவரில் கறை வந்துகொண்டே இருக்கும். ஓதத் தடுப்பு ஊசி (சுவரில் துளையிட்டு ஈரத்தைத் தடுக்கும் ரசாயனத்தைச் செலுத்துவது) போட்டாலும் தீராது, காரணம் வேறு. பழைய பூச்சைக் கறைக்கு மேலும் அரை மீட்டர்வரை தட்டி எடுத்து, உப்பை உறிஞ்சிக்கொள்ள ஒரு சுண்ணாம்புப் பூச்சைப் பலி கொடுத்து, அது பாழானதும் தட்டிவிட்டு மறுபடி பூச வேண்டும். இரண்டு பூச்சுக்கான பணத்தை எழுதிக்கொள்ளுங்கள். வெப்பக்காப்பை உள்பக்கம் வைப்பதானால் ஈரம் ஊடுருவும் மரநார்ப் பலகை போன்றவை இத்தகைய சுவருக்குப் பொருந்தும். நீராவித் தடுப்புத் தாளை குளிர் நாட்டில் அறைப்பக்கம் வைப்பார்கள். ஏசி ஓடும் புழுக்கமான ஊரில் அதையே செய்தால் தாளின் பின்னால் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

இணைப்புகளின் தூரம்

கழிவுநீர்க் குழாய்க்கு 40-க்கு 1 சரிவு என்றால், 40 மீட்டர் போவதற்குள் குழாய் 1 மீட்டர் கீழே இறங்கியிருக்கும். செப்டிக் டேங்க் 60 மீட்டர் தள்ளி என்றால் 1.5 மீட்டர், அதோடு தொடக்க ஆழமும் சேரும். நிலம் அந்தப் பக்கம் சரிந்திருந்தால் நல்லது. எதிர்ப்பக்கம் ஏறினால் பம்ப் வேண்டும், பம்ப்புக்கு மின்சாரமும் பராமரிப்பும் வேண்டும். நிலமட்டத்தை அளக்காமல் டேங்கின் இடத்தை முடிவு செய்பவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். மின்சாரம், தண்ணீர் இரண்டுக்கும் வாங்குவதற்கு முன்பே எழுத்து மூலம் விலை கேளுங்கள். ஒரே முறை வாய்க்கால் வெட்டி எல்லாவற்றையும் இறக்கலாம், உரிய இடைவெளியோடும் எச்சரிக்கைப் பட்டையோடும். காலியாக ஒரு குழாயையும் சேர்த்துப் புதைத்துவிடுங்கள். பின்னால் எதற்காவது உதவும், விலையும் அற்பம்.

எதை நீங்களே செய்யலாம்

கூலி மிச்சம் என்பது மட்டும் பார்த்தால் எல்லாவற்றையும் நாமே செய்யலாம் என்றுதான் தோன்றும். ஆனால் சாரம், மண் வெட்டும் இயந்திரம், முட்டு ஜாக்கிகள் எல்லாம் வார வாடகை. இருவர் வார இறுதிகளில் மட்டும் கூரை வேலை செய்தால், ஆறு வாரத்தில் முடியவேண்டிய சாரம் ஆறு மாதம் நிற்கும். வாடகை ஓடும் வேலையைக் கூலிக்கு விடுங்கள், வாடகை ஓடாத வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே நடைமுறைக்கு ஒத்து வரும். சுத்தம் செய்தல், பழைய பூச்சைத் தட்டுதல், இடுக்கு அடைத்தல், வெப்பக்காப்பு வெட்டிப் பொருத்துதல், ஜிப்சம் பலகை, டைல்ஸ், பெயின்ட் இவை உங்களுக்கு. கூரை, இரும்பு பீம், புதிய வாசல் உடைத்து லிண்டல் ஏற்றுவது, மின் பலகை, எரிவாயு இவை கூலிக்கு வருபவர்களுக்கு. இன்னொரு கணக்கும் போடுங்கள்: இப்போது இருக்கும் வீட்டின் வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்து மாதத்துக்கு எவ்வளவு? நீங்களே செய்வதால் ஒரு மாதத்தில் மிச்சமாகும் கூலி அதைவிடக் குறைவென்றால், அந்த வேலையில் உங்களுக்கு லாபமில்லை.

பழைய ஓட்டை இறக்கித் திரும்ப வேய்வதானால் நான்கில் ஒன்று உடையும் என்று வைத்துக்கொள்ளலாம். பற்றாக்குறைக்கு வாங்கும் புது ஓட்டைக் கலந்து போடாமல், கண்ணில் படாத பின்சரிவு முழுக்கப் போட்டுவிட்டு, பழையதை முன்பக்கம் வைப்பார்கள் அனுபவசாலிகள்.

ஜன்னல்களை வரைபட அளவுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். பழைய சுவரில் எந்தத் திறப்பும் மூலை மட்டமாக இருக்காது. திறப்பு தயாரான பிறகு அகலம் மூன்று இடத்தில், உயரம் மூன்று இடத்தில், இரு மூலைவிட்டங்கள் அளந்து, மிகச் சிறிய அளவிலிருந்து பொருத்துவதற்கான இடைவெளியைக் கழித்துக் கொடுங்கள். ஜன்னல் வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம், அதுவரை திறப்புகளைத் தார்ப்பாயும் பலகையும் கொண்டு மூடுவதற்கும் ஒரு தொகை வேண்டும். வண்டி நுழையும் பெரிய வாசலை முழுக்கக் கண்ணாடியாக்குவது எல்லோருக்கும் பிடித்த யோசனை. அது மேற்குப் பார்த்திருந்தால் வெளிப்பக்க நிழல் மறைப்புக்கும் சேர்த்தே விலை கேளுங்கள். உள்ளே போடும் திரை வந்த வெப்பத்தை நிறுத்தாது.

தாளில் இருக்க வேண்டிய பத்திகள்

பொருள், அலகு, அளவு, விலை, கேட்ட விலைப்புள்ளி, ஆர்டர் கொடுத்தது, செலுத்தியது, இனி ஆகவேண்டியது. கடைசிப் பத்திதான் உயிர். செலுத்தியதை மட்டும் கூட்டிப் பார்ப்பவருக்குப் பட்ஜெட் எப்போதும் நன்றாகவே தெரியும், ஆர்டர் கொடுத்த பொருளுக்கான பில் வரும்வரை. வாரம் ஒருமுறை "இனி ஆகவேண்டியது" பத்தியைப் புதிதாக எழுதுங்கள், பழைய எண்ணைத் தள்ளிவிட்டு. மூன்று பேரிடம் விலை கேட்கும்போது மூவருக்கும் ஒரே அளவுப்பட்டியலைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் இடிபாட்டை அகற்றுவதையும் சேர்த்துச் சொல்வார், இன்னொருவர் விட்டுவிடுவார். குறைந்த விலை என்று நினைத்து, ஒரு வேலையை விட்டுவிட்டுச் சொன்ன விலையை ஏற்றுக்கொள்வீர்கள்.

வரைபடம், பொறியாளர், அனுமதிக் கட்டணம் எல்லாம் சேர்த்து வேலைச் செலவில் 10 முதல் 15 சதவீதம் வைக்கலாம். எதிர்பாராச் செலவுக்குப் புதிய வீட்டில் 10 சதவீதம் போதும், கொட்டகைக்கு 20 வையுங்கள். அந்த 20-ஐ இரண்டாகப் பிரிப்பது நல்லது: 10 மண்ணுக்கும் கட்டமைப்புக்கும், 10 மற்றதற்கு. இரண்டாவது பத்தை, கூரை மூடித் தரை ஊற்றும்வரை எதற்கும் எடுக்கக் கூடாது. கைப்பிடியில்லாத சமையலறை அலமாரி மீது ஆசை வருவது எப்போதும் நான்காம் மாதத்தில்தான், அஸ்திவாரத்தில் பிரச்சினை தெரிவதும் ஏறக்குறைய அப்போதுதான். தாளில் விடுபடும் சிறுவரிகளும் உண்டு: தற்காலிக மின்சாரம், தண்ணீர், வேலையாட்களுக்குக் கழிப்பறை, கட்டுமானக் காப்பீடு, இறக்குகூலி, தேய்ந்து மாற்றும் பிளேடும் பிட்டும். சாதாரண வீட்டுக் காப்பீடு காலிக் கட்டடத்தில் நடக்கும் வேலைக்குப் பெரும்பாலும் செல்லாது, தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும்.

பணம் பற்றாமல் போனால் எங்கே நிறுத்துவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். கூரை, வடிகால், தரை, ஜன்னல் முடிந்து வெயிலும் மழையும் உள்ளே வராத நிலையில் நிறுத்திய கட்டடம் ஓர் ஆண்டு காத்திருந்தாலும் கெடாது. பாதிக் கூரையில் நிறுத்தினால் ஒரே மழைக்காலத்தில் செய்த வேலையும் போகும். உள்ளே இரண்டு அறையும் ஒரு குளியலறையும் மட்டும் முதலில் முடித்துக் குடிபோய், மாடித்தளத்தைப் பிறகு செய்வதும் உண்டு. அதற்கு மாடிக்கான குழாயும் வயரும் முதல் கட்டத்திலேயே போயிருக்க வேண்டும். ஜிப்சம் பலகை மூடுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் அளவு டேப்பை விரித்து வைத்துப் படமெடுத்து, அறையின் பெயரோடு சேமித்து வையுங்கள். இரண்டாம் கட்டத்தில் துளை போடும்போது குழாய் எங்கே என்று தட்டிப் பார்த்துத் தேட வேண்டியிராது.